முதல் கேம்: என்ஜினோடு தொடங்குவதா, நாமே எழுதிப் பார்ப்பதா?

புதுவரவு:
வணக்கம். வெப் டெவலப்பரா வேலை பாக்குறேன், ஜாவாஸ்கிரிப்ட் கை வந்த வேலை. கேம் பண்ணணும்னு ரொம்ப நாள் ஆசை. கோடோ, யூனிட்டி மாதிரி ஒரு என்ஜினை (கேமுக்கு வேண்டிய அடிப்படையெல்லாம் தயாரா இருக்கிற மென்பொருள்) எடுத்து நேரா இறங்கிடவா, இல்ல சி++ மொழி படிச்சு அடியிலிருந்து வரவா? இப்போதைக்குப் பொழுதுபோக்குதான். நல்லா வந்தா இதையே தொழிலா மாத்திக்கவும் எண்ணம் இருக்கு.

கட்டம்16:
யோசிக்கவே வேணாம், கோடோ எடுங்க. 2014-லேயே, யாரும் இலவசமா பயன்படுத்தலாம்ங்கற எம்ஐடி உரிமத்துல வெளியிட்டுட்டாங்க, நீங்க வித்த காசுல பங்கு கேக்காது. பிரேக்அவுட் மாதிரி ஒண்ணு பண்ணுங்க: ஒரு மட்டை, ஒரு பந்து, கொஞ்சம் செங்கல். பந்து எகிறுறது சீக்கிரமே வந்துடும். ஆட்டத்தை இடையில நிறுத்தினா (pause) பந்து நிக்கணும், ஆனா மெனு பட்டன் வேலை செய்யணும். தோத்தா ஸ்கோர் சுத்தமா அழிஞ்சு முதல்லேர்ந்து ஆடணும். பாடமே அங்கதான் இருக்கு. அதெல்லாம் முடிச்சு இன்னொருத்தர் கையில ஆடக் கொடுங்க.

மூலவேர்:
நான் உடன்படவில்லை. என்ஜினில் தொடங்குபவர் அந்த என்ஜினைத்தான் கற்றுக்கொள்கிறார். 2023 செப்டம்பரில் யூனிட்டி, ஒரு வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்தபோது எத்தனை பேர் கதிகலங்கிப் போனார்கள்! ஒரு வருடம் கழித்து அதைக் கைவிட்டார்கள், அது வேறு விஷயம்.

அதே சமயம், புதுவரவுக்கு இப்போது சி++ தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்ட் தெரியுமே, பிரவுசரிலேயே படம் வரைய உதவும் கேன்வாஸில் எழுதுங்கள். உள்ளீட்டை வாங்கு, நிலையை மாற்று, திரையில் வரை: இந்தச் சுழற்சியை ஒருமுறை கையால் எழுதியவருக்கு எந்த என்ஜினும் மிரட்சி தராது. ஃபிரேமுக்கு, அதாவது திரையை ஒவ்வொரு முறை வரையும்போதும், 5 பிக்சல் நகர்த்தினால் நொடிக்கு 60 முறை வரையும் 60 ஹெர்ட்ஸ் திரையில் பந்து நொடிக்கு 300 பிக்சல் போகும்; 144 ஹெர்ட்ஸில் 720. உங்களிடம் நிதானமாக ஓடிய கேம் நண்பரிடம் தலைதெறிக்க ஓடும். வேகத்தை டெல்டா டைமால், அதாவது போன ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால், ஏன் பெருக்குகிறோம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

கட்டம்16:
டெல்டாவை கோடோவே கையில கொடுக்குதே, பெருக்கினா போச்சு. ஆடுறவங்களுக்கு உள்ள என்ன ஓடுதுன்னு தெரியப்போறதில்ல. அண்டர்டேல்ங்கற கேம் கேம்மேக்கர் என்ஜின்ல வந்ததுதான், யாருக்கு என்ன குறைஞ்சுது? அவங்க உணர்றது வேற. செலஸ்ட்ங்கற கேம்ல மேடை விளிம்பைத் தாண்டின பிறகும் 0.1 நொடி வரைக்கும் குதிக்க விடும். அது இல்லேன்னா "நான் அழுத்தினேனே, ஏன் குதிக்கல"ன்னு கோபம் வரும். இந்த மாதிரி எண்ணை மாத்தி மாத்திப் பாக்கத்தான் நேரம் வேணும். அந்த நேரத்தை என்ஜின் மிச்சப்படுத்துது.

மூலவேர்:
நல்ல உதாரணம் சொன்னீர்கள். ஆனால் செலஸ்ட் யூனிட்டியிலோ அன்ரியல் என்ற இன்னொரு என்ஜினிலோ செய்ததில்லை. சி ஷார்ப் மொழியில் தாங்களே எழுதிய கட்டமைப்பில் (ஃபிரேம்வொர்க்) செய்தது. 2024-ல் வந்த பலாட்ரோ என்ற கேமும் லவ் என்ற சிறிய கட்டமைப்பில், லூவா மொழியில் எழுதியதே.

இரவுப்பணி:
நீங்க ரெண்டு பேரும் பொழுதுபோக்கைப் பத்தியே பேசுறீங்க. தம்பி தொழிலையும் கேட்டிருக்காரே. ஸ்டுடியோ வேலை வேணும்னா யூனிட்டியும் சி ஷார்ப்பும், இல்லேன்னா அன்ரியலும் சி++-உம் பெரும்பாலும் கேப்பாங்க. வெப் அனுபவம் வீணாகாது தம்பி. மெனு, சர்வர், உள்ளே பயன்படுத்துற டூல்னு அதுக்கும் ஆள் தேடுறாங்க. ஆனா இருக்கிற வேலையை இப்போ விட்டுடாதீங்க. 2023, 2024 ரெண்டு வருஷமும் பெரிய ஸ்டுடியோக்கள்லேயே கொத்துக் கொத்தா ஆட்குறைப்பு நடந்துச்சு. தனியா விக்கலாம்னா, ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடையில ஒரு கேமை ஏத்தவே 100 டாலர் கட்டணும், வித்ததுல வழக்கமா 30 சதவீதம் அவங்களுக்கு. ஸ்டார்டியூ வேலி கேமை ஒரே ஆள் பண்ணதுன்னு எல்லாரும் சொல்வாங்க. நாலு வருஷத்துக்கு மேல ஆச்சுங்கறதை யாரும் சொல்றதில்ல.

கட்டம்16:
வேலையை விடச் சொல்லி நான் சொல்லலையே அண்ணே. லுடம் டேர் மாதிரி ஜாம்ல (குறிச்ச நேரத்துக்குள்ள கேம் பண்ற போட்டி) 48 மணி நேரத்துல தனியா ஒண்ணு முடிச்சுப் பாக்கட்டும், இது தனக்கு ஒத்துவருமான்னு அவருக்கே தெரிஞ்சிடும்.

புதுவரவு:
எல்லாருக்கும் நன்றி. கேன்வாஸ்ல பிரேக்அவுட் எழுத ஆரம்பிச்சுட்டேன், அதையே கோடோல திரும்பப் பண்ணலாம்னு இருக்கேன். இப்போ ஒரு சிக்கல்: வேற டேபுக்குப் போய்ட்டுத் திரும்பி வந்தா பந்து செங்கலையெல்லாம் துளைச்சுட்டுத் திரைக்கு வெளிய போயிடுது. ஏன்?

மூலவேர்:
டேப் மறைந்திருக்கும்போது பிரவுசர் உங்கள் சுழற்சியை நிறுத்திவிடுகிறது. திரும்பி வந்ததும் போன நேரம் மொத்தமும் ஒரே டெல்டாவாக வருகிறது. பந்து ஒரே தாவலில் செங்கலுக்கு அந்தப் பக்கம் போய்விடுவதால் மோதலே பதிவாவதில்லை. டெல்டாவுக்கு 0.1 நொடி போல ஓர் உச்சவரம்பு வையுங்கள். பிறகு அதை 1/60 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் மோதலைச் சோதியுங்கள். ஒரு துண்டுக்குக் குறைவாக மிஞ்சும் நேரத்தை அடுத்த ஃபிரேமுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டம்16:
கோடோ போகும்போது இதே மாதிரி சம இடைவெளியில ஓடுற சுழற்சியை ஃபிசிக்ஸ் பிராசஸ்ங்கற பேர்ல பாப்பீங்க, நொடிக்கு 60 தடவைன்னு ஏற்கெனவே வெச்சிருக்கும். பந்து ரொம்ப வேகமா இருந்தா அங்கயும் துளைக்கும், அதனால வேகத்துக்கும் ஒரு வரம்பு போட்டுடுங்க.