ஒருமுக ஒலி, இருமுக ஒலி: மோனோவுக்கும் ஸ்டீரியோவுக்கும் ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

மோனோ, ஸ்டீரியோ ஆகிய சொற்களுக்குத் தமிழில் என்ன வழங்கலாம் என்ற இந்த விவாதத்தில் இதுவரை நான்கு இணைகள் வந்துள்ளன: தனியொலி – இரட்டையொலி, ஒற்றை ஒலி – திண்ம ஒலி, ஒருசெவி ஒலி – இருசெவி ஒலி, ஒருதட ஒலி – இருதட ஒலி. ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்க விரும்புகிறேன். இடம், வலம் இரண்டிலும் ஒரே ஒலி வருவது மோனோ; இடத்துக்கும் வலத்துக்கும் வெவ்வேறு ஒலி வருவது ஸ்டீரியோ. மின்னணு நடன இசைத் தயாரிப்பு பற்றிய பயிற்சிக் குறிப்புகளைச் சில மாதங்களாகத் தமிழில் எழுதி வருகிறேன். அந்தத் துறையில் மோனோ என்பது பெயர்ச்சொல்லாக வருவதைவிட வினையாக வருவதே மிகுதி. ‘பேஸை மோனோ பண்ணு’, ‘மோனோ பண்ணிக் கேட்டியா?’ என்றுதான் தயாரிப்பாளர்கள் பேசிக்கொள்கிறார்கள். (பேஸ் என்பது பாட்டின் அடியாழத்தில் ஒலிக்கும் தாழ்ந்த ஒலி.) வினையாக நடமாட முடியாத சொல்லை எவ்வளவு அழகாக ஆக்கி வைத்தாலும் அது அகராதியை விட்டு வெளியே வராது என்பதால், நான்கு இணைகளையும் அந்த உரைகல்லில் உரசிப் பார்த்தேன்.

திண்ம ஒலியிலிருந்து தொடங்குகிறேன். ஸ்டீரியோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குத் திண்மம் என்று பொருள் என்பது சரிதான். ஆனால் வேரை அப்படியே பெயர்த்து நட்டால் படிப்பவருக்குத் தலைகீழான படிமம் கிடைக்கிறது. நடன அரங்கில் திண்ணென்று நெஞ்சில் வந்து மோதுவது மோனோவாக வரும் கிக்கும் (தாளத்தின் கனத்த அடி) பேஸும். ஸ்டீரியோவாக விரிந்து கிடப்பவை பேட் (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் சுரங்கள்), எதிரொலி போன்ற மெல்லிய படலங்கள். ‘கிக்கைத் திண்ம ஒலியாக வைக்காதீர்கள்’ என்று நான் எழுதினால், கிக்கை மெலிதாக்கச் சொல்கிறேன் என்றுதான் ஒரு மாணவர் புரிந்துகொள்வார்.

இருசெவி ஒலிக்கு வரலாற்று உரிமை உண்டு. ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, இன்று நாம் ஸ்டீரியோ என்பதை அவர் பைனாரல், அதாவது இருசெவிக்குரியது, என்றே குறித்தார். பின்னர் அந்தச் சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. பொம்மைத் தலையின் காதுகளில் மைக்குகளை வைத்துப் பதிந்து ஹெட்ஃபோனில் கேட்கும் ஒலிதான் இப்போது பைனாரல். இருசெவி ஒலியை அதற்கென்றே ஒதுக்கி வைப்பது நல்லது. அதோடு, ஒருசெவி ஒலி என்றால் ஒரு காதில் மட்டும் கேட்கும் ஒலி என்றாகிவிடும். மோனோ இரு காதுகளிலும் தாராளமாகவே கேட்கிறது.

தனியொலியை, மற்றவற்றை அடக்கி ஒன்றை மட்டும் கேட்க உதவும் சோலோ பொத்தானுக்கு விட்டுவைக்க வேண்டும். தடம் என்ற சொல்லையோ ஒலிப்பதிவு மென்பொருளின் டிராக்குக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ஒரு பாட்டில் நாற்பது தடங்கள் இருந்தால் அவற்றில் சில மோனோ, சில ஸ்டீரியோ. ‘இருதடத் தடம்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒற்றை ஒலிக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவிகளின் உலகில் மோனோ என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு: ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டும் ஒலிக்கும் கருவி. 1970இல் வந்த மினிமூக் அப்படிப்பட்டது. 1978இல் வந்த ப்ராஃபெட்-5 ஐந்து சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும். ஆனால் அவை ஐந்தும் வெளியேறும் வாயில் ஒன்றே. ஆக அந்தக் கருவி ஒரு பொருளில் மோனோ, இன்னொரு பொருளில் மோனோ இல்லை. ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதற்காக நாமும் அந்தக் குழப்பத்தை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. சுரங்களின் எண்ணிக்கையைக் குறிக்க ஒருகுரல், பலகுரல் என்று வைத்துக்கொண்டால், மோனோவுக்கு ‘குரல்’, ‘ஒற்றை’ ஆகிய இரண்டையும் தொடாத வேறு சொல் வேண்டும்.

என் முன்மொழிவு இது: மோனோவுக்கு ஒருமுக ஒலி, ஸ்டீரியோவுக்கு இருமுக ஒலி, மோனோ செய்வதற்கு ஒருமுகப்படுத்து.

முழவுகளை ஒருமுக முழவு, இருமுக முழவு என்று பகுக்கும் வழக்கம் தமிழ் இசைத் துறையில் இருப்பது. கஞ்சிரா ஒருமுகம், மிருதங்கமும் தவிலும் இருமுகம். மிருதங்கத்தின் இரு முகங்களையும் இடந்தலை, வலந்தலை என்றே வேறுபடுத்துகிறோம். இந்தச் சொற்களைப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய தேவையே இல்லை. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஒருமுகப்படுத்து என்ற வினை நம்மிடம் ஆயத்தமாக இருப்பது. ஊர் ஒருமுகமாக முடிவெடுத்தது என்றால், பலர் இருந்தும் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள் என்று பொருள். மோனோவும் துல்லியமாக அதுதான்: ஒலிபெருக்கிகள் எத்தனை இருந்தாலும் எல்லாம் ஒன்றையே சொல்கின்றன. மோனோ என்றால் ஒரே ஒரு பெட்டி என்ற தவறான எண்ணம் பரவலாக உள்ளது; அதை இந்தச் சொல் தானாகவே களைகிறது.

இந்த வினை ஏன் நடன இசைக்கு இவ்வளவு தேவைப்படுகிறது என்று கேட்கும் நண்பர்களுக்காகச் சற்று விரித்து எழுதுகிறேன். இருமுக ஒலி நன்றாகக் கேட்பது வீட்டில் இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்பவருக்குத்தான். ஆடுதளத்தில் அந்த நடு இருக்கை இல்லை. இடப்பக்க ஒலிபெருக்கி அடுக்கின் அருகே ஆடுபவருக்கு, வலப்பக்கம் மட்டும் வைத்த ஹை-ஹேட் (தாளத்தட்டு ஒலி) தொலைவில் எங்கோ கேட்கும் அல்லது கேட்காமலே போகும். பெர்லினின் பெர்க்கைன் கிளப்பைப் போலத் தளத்தின் நான்கு மூலைகளிலும் அடுக்குகள் நிற்கும் இடத்தில், ஆடுபவர் திரும்பி நின்றால் இடம் வலமாகிவிடுகிறது. எனவே பல கிளப்புகளில் ஒலியமைப்பு முழுவதையுமோ, குறைந்தது தாழ்ந்த ஒலிகளுக்கான சப்வூஃபர்களையோ ஒருமுகமாகவே இயக்குகிறார்கள். டிஜே மிக்சர்கள் பலவற்றில் இதற்கென்று ஒரு விசையே இருக்கும். தயாரிப்பாளர் தம் அறையில் என்ன செய்து வைத்திருந்தாலும், இடமும் வலமும் அங்கே ஒன்றாகக் கூட்டப்பட்டுவிடும்.

கூட்டும்போது என்ன நடக்கிறது என்பதை ஒரு தவறு செய்துதான் நான் கற்றுக்கொண்டேன். ஒரு பேஸ் தடத்தின் வலப்பக்கத்தை மட்டும் 10 மில்லிவினாடி தாமதப்படுத்தினேன். ஹெட்ஃபோனில் அது தலையைச் சுற்றிப் போர்வை போல விரிந்தது, மிகவும் மகிழ்ந்துபோனேன். பிறகு மோனோ பொத்தானை அழுத்தினேன். பேஸின் அடித்தளமே காணாமல் போய், மேலே நரம்பைச் சுண்டுவது போன்ற ஒரு சிறு சத்தம் மட்டும் மிஞ்சியது. கணக்கு எளிது. 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு முழுச் சுற்றுக்கு 20 மில்லிவினாடி ஆகும். 10 மில்லிவினாடி தாமதம் என்பது சரியாக அரைச்சுற்று. இடப்பக்க அலை மேலேறும்போது வலப்பக்க அலை கீழிறங்குவதால் கூட்டுத்தொகை சுழி. 50இல் மட்டுமா? 150, 250, 350 என்று சீப்பின் பற்களைப் போல வரிசையாகப் பள்ளங்கள் விழுகின்றன.

இதே காரணத்தால் விரிவான பேட் ஒலிகளும் ஒருமுகத்தில் சற்றுப் பின்வாங்கும். இரு பக்கமும் ஒன்றேயான ஒலியைக் கூட்டினால் 6 டெசிபெல் உயர்கிறது; ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஒலிகளைக் கூட்டினால் 3 டெசிபெல்தான் உயர்கிறது. தலைகீழான ஒலிகளோ ஒன்றையொன்று தின்றுவிடும். மென்பொருளில் +1 முதல் −1 வரை முள் ஆடும் அளவி இதைத்தான் காட்டுகிறது. புள்ளியியல் பாடநூல்களில் உள்ள ஒட்டுறவு என்ற சொல்லையே எடுத்து அதை ஒட்டுறவு அளவி என்று எழுதியுள்ளேன்.

இருமுக ஒலி என்ற பெயர் இசைத்தட்டுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. 12 அங்குல நடன இசைத்தட்டின் பள்ளத்துக்கு ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு சுவர்கள் உண்டு. ஒரு சுவரில் இடப்பக்க ஒலி, மற்றதில் வலப்பக்க ஒலி. இரண்டிலும் ஒன்றே இருந்தால் ஊசி பக்கவாட்டில் மட்டும் அசையும். இரண்டும் எதிரெதிரானால் ஊசி மேலும் கீழுமாக அசையும். பேஸ் அளவுக்குப் பெரிய அலை அப்படி எதிரெதிராக வந்தால் பள்ளம் சில இடங்களில் மிக ஆழமற்றுப்போய் ஊசி துள்ளிக் குதித்துவிடும். அதனால்தான் இசைத்தட்டில் பள்ளம் வெட்டுபவர்கள் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள அனைத்தையும் ஒருமுகப்படுத்திவிட்டே வெட்டுகிறார்கள். ஆக, இது கிளப்பின் வசதிக்காக மட்டும் எழுந்த பழக்கம் இல்லை. தட்டின் உடலிலேயே இருந்த கட்டாயம் அது. இன்று ஏபிள்டன் லைவ் மென்பொருளின் யூட்டிலிட்டி கருவியில் பேஸை மட்டும் மோனோவாக்கும் பொத்தான் இருக்கிறது. அதை என் குறிப்புகளில் ‘கீழ்ச்சுருதியை ஒருமுகப்படுத்து’ என்று எழுதிப் பார்த்தேன். வாக்கியம் எங்கும் இடறவில்லை.

எழக்கூடிய மறுப்புகளில் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். இருமுகம் என்றால் இரட்டை வேடம் என்ற வாடை அடிக்கிறதே என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஹெட்ஃபோனில் ஒரு பேச்சும் ஆடுதளத்தில் வேறு பேச்சுமாக நடந்துகொண்ட என் பேஸை நினைத்தால், அந்த வாடையும் அவ்வளவு பொருந்தாதது என்று எனக்குத் தோன்றவில்லை. மோனோ, ஸ்டீரியோ என்றே தமிழ் எழுத்தில் எழுதினால் போதாதா என்ற கேள்வியில் ஞாயம் இருக்கிறது. கடையில் ஒயர் வாங்கும்போது நானும் அப்படித்தான் கேட்பேன். ஆனால் ‘இரு பக்கங்களிலும் ஒன்றே இருப்பதால் இது பார்வைக்கு ஸ்டீரியோ, உண்மையில் மோனோ’ என்பது போன்ற விளக்கங்களை எழுதும்போது அந்தச் சொற்கள் கல்லாகக் கிடக்கின்றன. ‘இரட்டித்த ஒருமுகம்’ என்றால் இரண்டே சொற்களில் முடிந்துவிடுகிறது.

இதோடு சேர்ந்தவற்றையும் குறிப்பிட்டுவிடுகிறேன். இடத்தையும் வலத்தையும் கூட்டிக் கிடைப்பது பொதுக்கூறு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக் கிடைப்பது வேற்றுமைக்கூறு. ஆங்கிலத்தில் உள்ளபடி நடு, பக்கம் என்று பெயர்க்காமல் இப்படி வைத்ததற்குக் காரணம், எஃப்.எம். வானொலியிலும் இதே கணக்கு இருப்பதுதான். அங்கே கூட்டுத்தொகை முதன்மையாகவும், கழித்த மிச்சம் 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறியும் வருகின்றன. பழைய மோனோ ரேடியோ கூட்டுத்தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு குறையுமில்லாமல் பாடுகிறது. பொது, வேற்றுமை என்றால் அந்த இடத்திலும் சொல் பொருந்தும். ஒலியை ஒரு பக்கமாகத் தள்ளுவதற்குச் சாய்ப்பு என்றும், ஸ்டீரியோவின் அகலத்துக்கு விரிவு என்றும் இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.

எனக்கு இன்னும் முடிவாகாத ஒன்று ஃபேஸ், அதாவது அலை தன் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பது. தமிழ்நாட்டு இயற்பியல் நூல்களில் அது கட்டம். இலங்கை நூல்களில் அவத்தை. பழக்கத்தால் கட்டம் என்றே எழுதத் தொடங்கினேன். மூன்றாம் பக்கத்தில் ரோலண்ட் டிஆர்-808 என்னும் மின்னணுத் தாளக் கருவியின் பதினாறு படிநிலைகள் வந்தன. மென்பொருள் திரையில் அவை கட்டம் கட்டமாகத்தான் தெரிகின்றன, மாணவர்களும் கட்டம் என்றே சொல்கிறார்கள். ‘ஐந்தாம் கட்டத்தில் உள்ள கிக்கின் கட்டம் மாறியுள்ளது’ என்று ஒரு வாக்கியம் அமைந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அதன் பிறகு படிநிலைக்குக் கட்டம், ஃபேஸுக்கு அவத்தை என்று மாற்றி எழுதி வருகிறேன். தமிழ்நாட்டு வாசகருக்கு அவத்தை என்றதும் அவஸ்தைதான் நினைவுக்கு வரும் என்பது தெரிந்ததே. இரண்டையும் விடத் தெளிவான சொல் யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். அதுவரை வரைவில் அவத்தை என்றே இருக்கும்.

அன்புடன்