டைப் ஆர் சொந்தமாகவா, ஐயோனிக் 5 'என்' (N) லீஸுக்கா?

மூன்றாவது பெடல்:
பத்து வருடம் ஓட்டிய ஹேட்ச்பேக்கை விற்றாகிவிட்டது. ஆறு மாதம் அலசியதில் இரண்டு வண்டிகள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று பெட்ரோலில் ஓடும் ஹோண்டா சிவிக் டைப் ஆர், எஃப்எல்5 என்ற குறியீடு கொண்ட தலைமுறை. எடுத்தால் கடன் போட்டுச் சொந்தமாக வாங்குவேன். மற்றது ஹூண்டாயின் மின்சார வண்டி, ஐயோனிக் 5 என். அதைச் சொந்தமாக வாங்கத் துணிவில்லை, மூன்று வருட லீஸ்தான், அதாவது மாதத் தொகை கட்டி ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பது. இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தேன். இறங்கும்போது இரண்டுமே வேண்டும் போலிருந்தது.

என் ஓட்டம் இதுதான்: தினமும் போகவர 45 கி.மீ., மாதம் ஒருமுறை மலைப்பாதை, வருடத்துக்கு இரண்டு மூன்று நாள் டிராக், அதாவது பந்தயப் பாதை. வீட்டில் சார்ஜர் வைக்க இடம் உண்டு. மனைவி, ஒரு பிள்ளை. மாதச் செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வருவதால் பணத்தை வைத்து முடிவெடுக்க முடியவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கிளட்ச் கால்:
டைப் ஆர். யோசிக்கவே வேண்டாம்.

எடையைப் பாருங்கள். டைப் ஆர் ஏறத்தாழ 1,430 கிலோ, ஐயோனிக் 5 என் ஏறத்தாழ 2,200 கிலோ. வித்தியாசம் ஒரு பெரிய பைக்கோடு நாலைந்து பெரிய ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்புவதற்குச் சமம். எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும், எவ்வளவு மென்பொருள் போட்டாலும், பிரேக் பிடிக்கும்போது அந்த எடையை நிறுத்த வேண்டியது டயர்தான்.

இன்னொன்று. எஃப்எல்5 ஆறு கியர் மேனுவலில் மட்டுமே வருகிறது. இந்த மாதிரி வண்டிகள் நம் கண்ணெதிரே குறைந்துகொண்டிருக்கின்றன. புதுப்பித்து வந்த எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐயில் மேனுவலே இல்லை. டொயோட்டாவின் ஸ்போர்ட்ஸ் கார் ஜிஆர்86 ஐரோப்பாவில் இரண்டே வருடம் விற்பனையில் இருந்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்றாமல் விலக்கிக்கொண்டார்கள். மூன்று வருடம் கழித்து ஒரு மேனுவல் வாங்கலாம் என்று காத்திருந்தால், வாங்க நீங்கள் இருப்பீர்கள், வண்டி இருக்காது.

கிலோவாட்:
நான் ஐயோனிக் 5 என் வைத்திருக்கிறேன், ஒரு வருடம் ஆகிறது. அதற்கு முன் இருபது வருடம் மேனுவல் மட்டுமே ஓட்டியவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எடையை மறுக்கவில்லை. ஆனால் 84 கிலோவாட் மணி பேட்டரி முழுவதும் தரைக்கடியில் கிடக்கிறது. புவியீர்ப்பு மையம் அவ்வளவு தாழ்வு. பிரேக்கிலும் வெறும் டிஸ்க்கை மட்டும் நம்பி இல்லை, மோட்டார்களே 0.6 ஜி வரை, அதாவது புவியீர்ப்பில் 0.6 பங்கு விசையோடு, வேகத்தை இழுத்துப் பிடிக்கும். டிராக் நாள் முடிந்து பிரேக் பேடைப் பார்த்தால் தெரியும். அப்புறம், மென்பொருள் உண்டாக்கும் அந்தப் போலிக் கியர். எட்டு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி மாதிரியே, சத்தத்தோடு நடிக்கும். கியர் மாற்ற மறந்து சிவப்புக் கோட்டில் முட்டினால் வண்டி அங்கேயே திணறும். முதல் வாரம் சிரித்தேன். இரண்டாவது மாதம் மலைப்பாதையில் அதை அணைத்துவிட்டு ஓட்ட மனம் வரவில்லை, ஏனென்றால் வளைவுக்குள் எந்த வேகத்தில் போகிறோம் என்பதைக் காது சொல்லிவிடுகிறது.

மற்ற நாட்களில் அது சத்தமில்லாத ஒரு குடும்ப வண்டி. தினமும் 45 கி.மீ. என்றால் இரவில் வீட்டில் செருகி, காலையில் கழற்றினால் போதும். நீண்ட பயணத்தில் 350 கிலோவாட் சார்ஜர் கிடைத்தால் 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற 18 நிமிடம்.

கிளட்ச் கால்:
நடிப்பு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு நான் தப்பாகப் போட்டால் கியர்பெட்டி கையில் முறைக்கும். அங்கே ஒரு உலோகம் இன்னொரு உலோகத்தைச் சந்திக்கிறது. ஐயோனிக்கில் ஒரு மென்பொருள், "இப்போது இவர் ஏமாந்துபோக வேண்டும்" என்று முடிவெடுக்கிறது. அதில் எனக்கு ஒட்டவில்லை.

வட்டிக் கணக்கு:
வளைவைப் பற்றி நீங்கள் இருவரும் பேசுங்கள், நான் தாளைப் பற்றிப் பேசுகிறேன். மாதத் தொகை ஒன்றாக வருகிறது என்பதால் செலவும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். கடனில் கட்டுவதில் ஒரு பங்கு வண்டியாக உங்களிடமே நிற்கும். லீஸில் கட்டுவது முழுக்கப் பயன்பாட்டுக்கான செலவு.

லீஸ் தொகை எப்படி வருகிறது என்பதைப் பலரும் பிரித்துப் பார்ப்பதில்லை. வண்டி விலை 100 என்று வையுங்கள். மூன்று வருடம் கழித்து அதன் மதிப்பு 58 இருக்கும் என்று நிறுவனம் இன்றே எழுதிவிடுகிறது. இதுதான் மீதி மதிப்பு. நீங்கள் தின்னப்போவது 42. அதை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1.17. அதற்கு மேல் வட்டி. இதைச் சில நாடுகளில் 'மணி ஃபேக்டர்' என்று 0.0025 மாதிரி ஒரு சின்ன எண்ணாகக் காட்டுவார்கள். பார்த்தால் ஒன்றுமில்லாதது போல இருக்கும். 2,400-ஆல் பெருக்குங்கள், வருடத்துக்கு 6 சதவீத வட்டி. விலையையும் மீதி மதிப்பையும் கூட்டி, 158-ஐ 0.0025-ஆல் பெருக்கினால் மாதம் ஏறத்தாழ 0.40. ஆக மாதம் 1.57, மூன்று வருடத்தில் 56 சொச்சம். வரியும் கட்டணங்களும் தனி.

இதில் முக்கியமானது அந்த 58. மூன்று வருடம் கழித்துச் சந்தையில் வண்டி 45-தான் போகும் என்றாலும் உங்களுக்குக் கவலையில்லை, சாவியைக் கொடுத்துவிட்டு நடந்துவிடலாம். மின்சார வண்டியில் அந்தப் பாதுகாப்பு பெரிய விஷயம். 2023 ஜனவரியில் டெஸ்லா புதிய வண்டிகளின் விலையைக் குறைத்ததும், அதுவரை வாங்கியிருந்தவர்களின் பழைய வண்டி மதிப்பு ஒரே இரவில் சரிந்தது. 2024 ஜனவரியில் ஹெர்ட்ஸ் வாடகை நிறுவனம் ஏறத்தாழ 20,000 மின்சார வண்டிகளை விற்கப்போவதாக அறிவித்தது. வண்டி வாங்கி விற்பதே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே அந்தக் கணக்கு தப்பியது. நமக்கு எம்மாத்திரம்?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. லீஸில் பெரிய டவுன் பேமென்ட் கட்டாதீர்கள். அடுத்த வாரமே விபத்தில் வண்டி முழு நட்டமானால், முன்பணம் பொதுவாகத் திரும்பி வராது.

சாவி என் கையில்:
கணக்கு சரி, முடிவு சரியில்லை. அந்த 58-ஐ எழுதுவது யார்? நிறுவனம். மின்சார வண்டி சரியும் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தால் 58 என்று எழுதமாட்டார்கள், 48 என்று எழுதுவார்கள். அப்போது நீங்கள் தின்பது 52. மதிப்புச் சரிவிலிருந்து தப்பிக்கவில்லை, முன்கூட்டியே மாதாமாதம் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். 2021, 2022-இல் சிப் தட்டுப்பாட்டால் புது வண்டி கிடைக்காமல் பழைய வண்டி விலை ஏறியது. அன்று லீஸ் முடிந்தவர்கள் பழைய ஒப்பந்தத்தில் எழுதிய குறைந்த விலைக்கே வண்டியை வாங்கி லாபம் பார்த்தார்கள். ஆனால் எல்லா ஒப்பந்தத்திலும் அந்த உரிமை இருக்காது. 2019-இல் டெஸ்லா மாடல் 3-க்கு லீஸ் கொடுக்கத் தொடங்கியபோது, கடைசியில் வாங்கும் வசதியே கொடுக்கவில்லை.

நான் ஒருமுறை லீஸ் எடுத்தவன். திருப்பிக் கொடுத்த நாளில் பரிசோதிக்க வந்தவர் ஒரு சின்ன அளவுகோலோடு வந்தார். அலாய் வீலில் இரண்டு விரற்கடைக் கீறல். ஓட்டுநர் கதவில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும் ஒரு பள்ளம். டயர் பட்டன் ஆழம் குறைவு. மூன்று வருடம் ஆசையாகத் துடைத்த வண்டி, அரைமணி நேரத்தில் ஒரு பில்லாக மாறியது. அன்றைக்கு மனம் விட்டுப்போனது இன்னும் மறக்கவில்லை. அந்தத் தொகையைவிட, அது என் வண்டி இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

வட்டிக் கணக்கு:
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தக் கீறலோடு நீங்கள் வெளியில் விற்றிருந்தாலும் வாங்குபவர் விலையைக் குறைத்திருப்பார், அங்கே பில் எழுதமாட்டார்கள், அவ்வளவே. ஆபத்தின் விலை மாதத் தொகைக்குள் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காப்பீடும் அப்படித்தானே? நடக்கக்கூடிய பெரிய நட்டத்துக்குப் பதிலாகத் தெரிந்த சின்ன நட்டத்தை ஏற்கிறோம். தவிர, தயாரிப்பாளர் தன் வண்டியைச் சாலையில் காட்ட வேண்டும் என்று வேண்டுமென்றே மீதி மதிப்பை உயர்த்தி எழுதும் காலங்களும் உண்டு. அந்த நேரத்தில் லீஸ் எடுத்தால் அது உங்களுக்கு லாபம். தாளைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணைச் சந்தையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

மலை இறக்கம்:
இங்கே யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று நாள் டிராக் என்று எழுதியிருக்கிறாரே, லீஸ் வண்டியை டிராக்கில் ஓட்டலாமா?

வாரண்டி வேறு, லீஸ் ஒப்பந்தம் வேறு, காப்பீடு வேறு. ஆஸ்திரேலியாவில் ஹூண்டாய் தன் 'என்' (N) வரிசை வண்டிகளுக்குப் போட்டியில்லாத டிராக் ஓட்டத்தையும் வாரண்டிக்குள் ஏற்கிறது. நல்ல விஷயம். ஆனால் வண்டியின் உரிமையாளர் லீஸ் நிறுவனம். ஒப்பந்தத்தில் டிராக் கூடாது என்று ஒரு வரி இருந்தால், தயாரிப்பாளர் வாரண்டி அங்கே உதவாது. காப்பீடும் சாதாரணமாக டிராக்கை ஏற்பதில்லை. ஒரு தவறான பிரேக் புள்ளி போதும், வண்டி முழுவதும் உங்கள் தலையில்.

டயரையும் கணக்கில் வையுங்கள். ஐயோனிக் 5 என்னுக்கு 21 அங்குல வீலில் 275 மி.மீ. அகல டயர். டைப் ஆருக்கு 19 அங்குலத்தில் 265 மி.மீ. இரண்டுமே மலிவான டயர் இல்லை, ஆனால் 2,200 கிலோ ஏறி உட்காரும் டயர் சீக்கிரம் தேயும். லீஸ் முடியும்போது பட்டன் ஆழம் வேறு பார்ப்பார்கள்.

கிலோவாட்:
டயர் தேய்கிறது, உண்மை. என் முதல் செட் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே போனது. டிராக்கைப் பற்றி மட்டும் சொல்லட்டும்: இதை டிராக்குக்காகவே குளிரூட்டியிருக்கிறார்கள். ஜெர்மனியில் உள்ள 20.8 கி.மீ. பந்தயப் பாதையான நியூர்பர்க்ரிங்கில் முழு வேகத்தில் இரண்டு சுற்று, திறன் குறையாமல் ஓட வேண்டும் என்பதுதான் இலக்கு. பேட்டரி சூடாகிச் சோர்ந்துபோகும் மின்சார வண்டிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு அது பெரிய மாற்றம்.

கிளட்ச் கால்:
அதே நியூர்பர்க்ரிங்கில் டைப் ஆர் 2023-இல் 7 நிமிடம் 44.881 வினாடி எடுத்து முன்சக்கரங்களால் மட்டும் இயங்கும் வண்டிகளின் சாதனையைப் பிடித்தது. இறங்கியதும் பெட்ரோல் ஊற்றி மறுபடியும் போகலாம். டிராக் பக்கத்தில் 350 கிலோவாட் சார்ஜர் எத்தனை இடத்தில் நிற்கிறது? மதியம் பாதி நாள் நீங்கள் சார்ஜருக்கு அலைந்தால், கட்டிய பணம் யார் பயன்படுத்தியது?

மூன்றாவது பெடல்:
எல்லோருக்கும் நன்றி. 'மலை இறக்கம்' கேட்டதும் லீஸ் ஒப்பந்த நகலை வரவழைத்தேன். பதினோராவது பக்கத்தில் இருக்கிறது: பந்தயப் பாதையில் எந்த வகை ஓட்டமும் கூடாது, பயிற்சி நாளும் உட்பட. விற்பனையாளர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வருடத்துக்கு 15,000 கி.மீ. வரம்பு வேறு. தினமும் 45 கி.மீ. என்றாலே அலுவலகத்துக்கு மட்டும் 11,000 போய்விடும், மலைப்பாதைக்கும் ஊர்சுற்றலுக்கும் மிஞ்சுவது 4,000. கடைசியில் வாங்கும் விலை எழுதப்பட்டிருக்கிறது, அது மட்டும் ஆறுதல்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு குறை: எஃப்எல்5-இல் பின்னால் இரண்டு பேர்தான் உட்கார முடியும், நடுவில் சீட்டே இல்லை. ஒரு பிள்ளை என்பதால் சமாளிக்கலாம்.

கிலோவாட்:
அப்படியானால் இப்போது லீஸ் வேண்டாம், சரி. ஆனால் மின்சாரத்தையே கைவிடாதீர்கள். இந்த வண்டி வெளிவந்தது 2023-இல். முதலில் மூன்று வருட லீஸ் எடுத்தவர்கள் திருப்பிக் கொடுக்கும் வண்டிகள் சந்தைக்கு வரும். 'வட்டிக் கணக்கு' சொன்ன அந்த மதிப்புச் சரிவை முதல் ஆள் கட்டி முடித்திருப்பார். பேட்டரி வாரண்டி பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வரை, 70 சதவீதக் கொள்ளளவுக்குக் கீழே போகாது என்று. அதில் ஐந்து வருடம் மிச்சம் இருக்கும். சொந்த வண்டி, டிராக்குக்குப் போகலாம், யாரும் அளவுகோலோடு வரமாட்டார்கள்.

சாவி என் கையில்:
இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். மூன்று வருடப் பழைய ஐயோனிக் 5 என், உங்கள் பெயரில். முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் உங்களோடு மோதியிருக்கவே மாட்டேன்.

கிளட்ச் கால்:
நான் ஏற்கவில்லை. பழைய ஐயோனிக் எப்போதும் கிடைக்கும். புதிய மேனுவல் டைப் ஆர் எப்போதும் கிடைக்காது. வரிசையைத் திருப்பிப் போடாதீர்கள்.

மூன்றாவது பெடல்:
இன்று காலை டைப் ஆரை மறுபடியும் கேட்டு வாங்கி, என் தினசரி வழியிலேயே, நெரிசல் நேரத்தில் ஓட்டினேன். கம்ஃபர்ட் மோடில் சஸ்பென்ஷன் நான் பயந்த அளவு முரடில்லை. கிளட்ச் லேசு. ஒரு சிக்னலில் கியர் இறக்கும்போது தானாக எஞ்சின் சுழற்சியை (ரெவ்) ஏற்றும் வசதியை அணைத்துவிட்டு, மூன்றிலிருந்து இரண்டுக்கு நானே குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தட்டி இறக்கினேன். சரியாக விழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மகள், "அப்பா, இப்ப என்ன செஞ்சீங்க?" என்றாள்.

டைப் ஆருக்கு முன்பணம் கட்டிவிட்டேன். கிலோவாட், வண்டி வந்ததும் ஒரு டிராக் நாளில் சந்திப்போம். உங்கள் வண்டியில் நான் ஒரு சுற்று, என் வண்டியில் நீங்கள் ஒரு சுற்று.

கிலோவாட்:
வருகிறேன். போலிக் கியரை அணைக்காமல் கொடுப்பேன்.