அசையாம நிக்கற செடிக்கு உரம் போட்டவங்க இருக்கீங்களா? என்ன ஆச்சுன்னு சொல்லுங்க

ராயபுரம் ஜன்னலோரம்:
மனசே ஆறலை, அதான் எழுதறேன். ஹவோர்த்தியா, குட்டிக் கத்தாழை மாதிரி இருக்கும், வெள்ளைக் கோடு போட்டது. வெச்சிருக்கவங்களுக்குத் தெரியும், வருஷத்துக்கு நாலஞ்சு இலை விட்டாலே பெரிசு. என் பொண்ணு கல்யாணமாகிப் போறப்ப அவ ரூம் ஜன்னல்ல விட்டுட்டுப் போன செடி. மூணு வருஷமா அதே நாலு இஞ்ச் தொட்டி, அதே உசரம். போன மாசம் வீடியோ கால்ல ஜன்னலைக் காட்டினேன். "ஏம்மா, அது இன்னும் அப்படியேதான் இருக்கா?"ன்னு கேட்டா. சும்மாதான் கேட்டா. எனக்குத்தான் பொறுக்கலை. மறுநாளே ஒரு கடையில விசாரிச்சேன். "சத்து பத்தலைம்மா, டிஏபி உரம் போடுங்க, கிடுகிடுன்னு வரும்"னாங்க. ஒரு டீஸ்பூன் சுத்தித் தூவி தண்ணி ஊத்தினேன். அக்னி நட்சத்திரம் நடந்துட்டு இருந்துச்சு.

முதல் வாரம் நுனி காஞ்சுது. வெயில்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தினேன். மூணாவது வாரம் ஜன்னல் துடைக்கத் தொட்டியை நகத்தினேன், விரல் செடியில பட்டுச்சு. செடி கையோட வந்துடுச்சு. நான் இழுக்கவே இல்லைங்க. சாமி தலையில வெச்ச பூவை எடுக்கற மாதிரி வந்துச்சு. கீழ வேரே இல்லை, காப்பித்தூள் நிறத்துல நாலு நூல்தான். மண்ணு மேல டிஏபி குருணை பாதி கரையாம அப்படியே கிடந்துச்சு.

பொண்ணுகிட்ட இன்னும் சொல்லலை.

காசிமேடு மொட்டைமாடி:
எனக்கும் நடந்திருக்குக்கா. உரம்தான் வேற. மீன் கழிவுக்கு எங்க தெருவுல என்ன குறை? செவுளு, குடலு எல்லாம் எடுத்து, அதே எடைக்கு வெல்லம் போட்டு 21 நாள் மூடி வெச்சேன், மீன் அமிலம். லிட்டருக்கு 10 மில்லி கலந்து கத்தரிக்கும் வெண்டைக்கும் ஊத்தினேன், அப்படிக் காச்சுது. அதே கையோட படிக்கட்டு ஓரத்து ஜேடு செடிக்கும் ஊத்திட்டேன், தடிச்ச இலையில தண்ணியைச் சேத்து வெக்கற செடி. அது அப்பா வெச்ச செடி. அடித்தண்டு என் கட்டைவிரலை விட மொத்தம். மாசம் ரெண்டு தடவை ஊத்தினேன். ஆவணி வரைக்கும் ஒரே துளிரு. வெளுத்த பச்சை, கணுவுக்குக் கணு நீளம். செடிக்கு உயிர் வந்துடுச்சுன்னு எல்லாருக்கும் காட்டினேன்.

ஐப்பசியில ஒரு ராத்திரி மழை, பெருசாக் காத்து கூட இல்லை. காலையில பாத்தா நடுக்கிளை படியில கிடக்குது. முறிஞ்ச இடத்தைத் தொட்டேன், வெந்த பூசணி மாதிரி விரல் உள்ள போயிடுச்சு. பத்து வருஷத்துச் செடிக்கா அது. அந்தக் கொழகொழப்பு இன்னும் விரல்லயே இருக்கற மாதிரி இருக்குது.

வியாசர்பாடி செம்மண்:
முதல் பதிவு போட்ட அம்மாவுக்குச் சொல்றேன், டிஏபி மேல பழி போடாதீங்க. அதுல தழைச்சத்து 18 சதவீதம், மணிச்சத்து 46 சதவீதம். நெல்லுக்குப் போடறாங்க, வேர் அழுகியா போகுது? உங்க செடியைக் கொன்னது தண்ணி. நான் உரமே போடாம ஒரு ஹவோர்த்தியாவை இழந்தவன். மண்தொட்டி வெளிப்பக்கம் வெள்ளையாப் பூத்துக்கிட்டே வந்துச்சு. ஒருநாள் சுரண்டி நாக்குல வெச்சுப் பார்த்தேன், கரிச்சுது. எங்க போர் தண்ணி அவ்வளவு உப்பு. மீஞ்சூர்ப் பக்கம் கடல் தண்ணி நிலத்தடியில ஏறினது எழுபதுகள்லயே தெரிஞ்ச விஷயம்.

இனிமே செடி வெக்கறவங்க எல்லாரும் இதைச் செய்யுங்க. மழைத்தண்ணியை மாடியில ட்ரம் வெச்சுப் பிடிங்க. முதல் மழையை விட்டுடுங்க, அது மாடி அழுக்கு. மழை இல்லாத மாசம் ஏசியில சொட்டற தண்ணி போதும், அதுல உப்பு கிடையாது. மண்ணு ஒரு பங்குன்னா மணலும் உடைச்ச செங்கல்லும் சேர்த்து ரெண்டு பங்கு இருக்கணும். தேங்காநார்த் தூள் அதிகம் போட்ட நர்சரி மண்ணு வேண்டவே வேண்டாம். காஞ்சா தண்ணி உள்ள இறங்காது, நனைஞ்சா காயாது. மூணு மாசத்துக்கு ஒருமுறை தொட்டி கொள்ளளவைப் போல மூணு மடங்கு நல்ல தண்ணி ஊத்தி உப்பை அடிவழியா இறக்கி விடுங்க. தட்டுல தேங்கற தண்ணியை உடனே கொட்டுங்க. தொட்டி மண்ணாலானதா இருக்கணும், பிளாஸ்டிக் கூடாது. செங்கல்லைக் கழுவாமப் போடாதீங்க. இதையெல்லாம் செஞ்சுட்டு அப்புறம் உரத்தைப் பத்திப் பேசலாம்.

ராயபுரம் ஜன்னலோரம்:
அண்ணா, எங்க வீட்ல போரே கிடையாது. ஊத்தினது மெட்ரோ வாட்டர். மூணு வருஷமா அதே தண்ணியிலதான் அது நல்லா இருந்துச்சு. குருணையை நான் கண்ணால பார்த்தேன்.

திருவொற்றியூர் டீச்சர்:
ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்றீங்க. டிஏபியும் உப்புதான், போர் தண்ணியில இருக்கறதும் உப்புதான். வெட்டின மாங்காய்ல உப்பைப் போட்டு மூடி வெச்சா மறுநாள் தண்ணி விட்டுச் சுருங்குது இல்லையா, வேருக்கும் அதேதான். மண்ணுல உப்பு ஏறினா வேரால தண்ணி இழுக்க முடியாது, இருக்கற தண்ணியும் வெளிய போகும். நெல்லு வயல்ல அது பரவிக் கரைஞ்சுடும். நாலு இஞ்ச் தொட்டியில எங்க போகும்? அதுவும் மே மாசம். ஹவோர்த்தியா தென்னாப்பிரிக்காச் செடி, நம்ம ஊர் கடும் வெயில்ல வளர்றதை நிறுத்திக்கும். தூங்கற குழந்தை வாயில சோறு ஊட்டின கதைதான். அம்மா, உங்களை நோகடிக்கச் சொல்லலை, நானும் முதல் செடியை அப்படித்தான் இழந்தேன்.

ரெண்டாவது செடிக்கு 19:19:19 உரம் வாங்கினேன், தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கறது. பாக்கெட்ல போட்ட அளவை நம்பலை. லிட்டருக்கு அரை கிராம், அதுவும் முதல் நாள் வெறும் தண்ணி ஊத்தி மண்ணு ஈரமான பிறகுதான். ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை, வெயில் தணிஞ்ச பிறகு. பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் தொடவே மாட்டேன். வளருதான்னு தெரியாம மனசு அடிச்சுக்கும், அதனால நுனி இலையில சிவப்பு நூல் கட்டி வெச்சேன். 14 மாசத்துல நூலுக்கு உள்பக்கமா அஞ்சு புது இலை. பொங்கலன்னிக்கு வாசல் கழுவிட்டு வந்து பார்த்தப்ப, தொட்டி ஓரத்துல மண்ணைப் பிளந்துக்கிட்டு சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குட்டி எட்டிப் பார்க்குது. வீட்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

பெரம்பூர் குவார்ட்டர்ஸ்:
டீச்சர் சொல்ற அரை கிராம் கூடத் தேவையில்லைன்னு நான் சொல்வேன். எங்ககிட்ட மருள் இருக்கு, இப்ப ஸ்நேக் பிளான்ட்னு விக்கறாங்களே, அந்தக் குடும்பம். பெயின்ட் பக்கெட்ல ஒன்பது வருஷம். உரம்னு ஒரு சிட்டிகை போட்டதில்லை, மண்ணு மாத்தினதில்லை. ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து கதவைத் திறக்கறேன், வீடு முழுக்க வாசனை. யாரோ மல்லி வாங்கி வெச்சிருக்காங்கன்னு தேடினேன். பால்கனி லைட்டைப் போட்டா இலைக்கு நடுவுல ஒரு தண்டு, அது முழுக்கப் பூ. பகல்ல மூடிக்கிச்சு, மறுபடி ராத்திரி மணந்துச்சு. சாப்பாடு போடாம இது எப்படி வந்துச்சு?

திருவொற்றியூர் டீச்சர்:
உங்க பக்கெட் மண்ணுல அந்தச் சத்து இருந்திருக்கும் சார். மருளும் ஹவோர்த்தியாவும் ஒண்ணில்லை. மருள் பக்கெட்டையே பிளக்கும்.

பெரம்பூர் குவார்ட்டர்ஸ்:
பக்கெட் பிளந்தது உண்மைதான்.

காசிமேடு மொட்டைமாடி:
ராயபுரம் அக்கா, அந்தச் செடியைத் தூக்கிப் போட்டுட்டீங்களா? நடுக்குருத்து கெட்டியா இருந்தா போட்டுடாதீங்க. நான் ஜேடோட ஒரு கிளையைக் காய வெச்சு நட்டேன், இப்ப ரெண்டு சாண் இருக்குது.

ராயபுரம் ஜன்னலோரம்:
போடலை தம்பி. குருத்து கெட்டியா இருந்துச்சு. அழுகினதைப் பிளேடால நறுக்கி, சமையல் பட்டைப் பொடி தூவி, ஒரு வாரம் நிழல்ல காகிதத்து மேல வெச்சேன். இப்ப பழைய மண்ணைக் கொட்டிட்டு, கழுவின மணல்லயும் செங்கல் துண்டுலயும் சும்மா உக்கார வெச்சிருக்கேன். அடி இலை ரெண்டு அப்பளம் மாதிரி சுருங்கிடுச்சு, மேல அஞ்சு பச்சையா இருக்கு. நேத்து பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் "அது அப்படியே இருந்ததுதாம்மா எனக்குப் பிடிச்சுது"ன்னா.

ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கா. தொட்டி அதே ஜன்னல்லதான் இருக்கு. வேர் விட்டிருக்கான்னு லேசா ஆட்டிப் பார்க்கக் கை போகுது. தொடலை.