மியூசிக் லாக்கர்: பெட்டகமா, வைப்பா?

வணக்கம். நம் பாட்டுகளை இணையத்தில் வைத்து எங்கிருந்தும் கேட்க உதவும் சேவைதான் மியூசிக் லாக்கர். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் ஒருவர் எழுதியது:

> மியூசிக் லாக்கருக்கு 'இசைப்பேழை' போதுமே. சின்னதாக, அழகாக இருக்கிறது.

அழகுதான் ஐயா. ஆனால் கேசட்டை 'ஒலிப்பேழை' என்று எழுதிப் பழகியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். இசைப்பேழை என்றதும் எனக்கு நாடா சுற்றிய பிளாஸ்டிக் பெட்டிதான் கண்முன் வருகிறது. 'மேக இசைச் சேமிப்பகம்' என்றாலோ, நீளம், பேச்சில் நிற்காது.

அதைவிட, லாக்கர் என்ற ஒரே பெயரில் இரண்டு ஏற்பாடுகள் உலவுகின்றன. 2011 மே மாதம் கூகுள் மியூசிக் வந்தபோது 20,000 பாட்டுவரை ஏற்றலாம் என்றார்கள். நம் கணினியில் உள்ள கோப்பே மேலே போனது. வெளியூரில் கேட்டாலும் அதுவே ஒலித்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஐட்யூன்ஸ் மேட்ச் நம் பாட்டை அடையாளம் கண்டு, அது ஆப்பிளின் இணையப் பாட்டுக் கடையில் இருந்தால் கடைப் பிரதியையே தரும். கடையில் இல்லாததை மட்டும் ஏற்றிக்கொள்ளும்.

முன்னது வங்கி லாக்கர். அம்மாவின் சங்கிலியை வைத்தால் அதே சங்கிலி திரும்பி வரும். பின்னது வங்கியில் போட்ட பணம். நூறு ரூபாய் வரும், நான் கொடுத்த தாள் வராது. ஆகவே முன்னதற்கு இசைப்பெட்டகம், பின்னதற்கு இசை வைப்பு என்று முன்மொழிகிறேன். (சேர்த்தெழுதினால் 'இசைவு' என்று கண் தடுக்குகிறது, பிரித்தே எழுதலாம்.)

இந்த வேறுபாடு நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 2000-இல் அமெரிக்காவின் எம்பி3.காம், நம் குறுந்தட்டைக் கணினியில் போட்டுக் காட்டினால், தான் முன்பே படியெடுத்து வைத்திருந்த பாட்டை இணையத்தில் ஒலிக்கவிட்டது. யூனிவர்சல் உள்ளிட்ட நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. கேட்பவர் சொந்தத் தட்டைத்தானே கேட்கிறார் என்ற வாதம் நியூயார்க்கில் எடுபடவில்லை, படியெடுத்தது நிறுவனமாயிற்றே.

அப்பா வானொலியிலிருந்து பதிந்த நாடாக்களைக் கோப்புகளாக்கி வைத்திருக்கிறேன். ஒரு பாட்டின் நடுவே குக்கர் விசில் அடிக்கும். அப்பா 'உஷ்' என்பார். பெட்டகத்தில் வைத்தால் அந்த 'உஷ்' எனக்குத் திரும்பக் கிடைக்கும். வைப்பில் போட்டால் பாட்டு மட்டும் துப்புரவாக வந்து நிற்கக்கூடும். இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இலங்கை நண்பர்கள் ஃபிக்ஸட் டெபாசிட்டை 'நிலையான வைப்பு' என்று அன்றாடம் புழங்குகிறீர்கள். உங்கள் காதுக்கு இசை வைப்பு எப்படிப் படுகிறது?