ஜக்கார்டுக்கு என்ன சொல்?

நண்பர்களே, நெசவு இயந்திரங்கள் பற்றிய பாடத்தை நாளை மறுநாள் கொடுத்தாக வேண்டும். துளையிட்ட அட்டைகளைக் கொண்டு துணியில் வடிவங்கள் நெய்யும் ‘ஜக்கார்டு தறி’ 19 இடங்களில் வருகிறது. ‘துளையட்டைத் தறி’ என்று போடட்டுமா?

---

துளையட்டை வேலை நடக்கும் விதம்தானே? விளைவது பூ. கரிகாலன் கொடுத்த துணியைப் பொருநராற்றுப்படை ‘நோக்குநுழை கல்லா நுண்மைய பூக்கனிந்து’ என்கிறது. இழை போன வழியே தெரியாத நெசவு, அதன்மேல் பூவேலை. ‘பூந்தறி’ என்பேன்.

---

பூத்தறி என்றாலும் சரியே. பூ என்ற சொல்லின்முன் ‘இன மென்மையும்’ தோன்றும் என்று நன்னூலார் உம்மை போட்டிருக்கிறார், அதனால் வல்லினமும் வரலாம். ஆனால் தறி என்பது நட்டுவைத்த கம்பம். கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் மாடு கட்டியதுதான், துணி நெய்ததன்று. தறித்து நட்டதால் தறி என்று

---

ஐயா, கம்பரை விடுங்கள். நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. ஜக்கார்டு தறியே இல்லை, தறிக்கு மேலே ஏற்றும் பெட்டி. கைத்தறியிலும் ஏற்றலாம், விசைத்தறியிலும் ஏற்றலாம். அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி நின்ற இடத்தில் நிற்கும், மேலேறும் சட்டம் அதைத் தூக்க, பாவு இழை (நீளவாட்டு இழை) எழும்பும். துளை இல்லையா, அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி விலகும், இழை கீழேயே கிடக்கும். ஓர் ஊடைக்கு, அதாவது ஒரு குறுக்கிழைக்கு, ஓர் அட்டை. 1839இல் பிரான்சின் லியோனில், இதைச் செய்த ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள், சுமார் 24,000 அட்டை. அது பூவா? நாங்கள் ‘ஜக்கார்டு பெட்டி’ என்போம். அப்படியே இருக்கட்டும்.

---

பிரெஞ்சில் இப்பெயரின் கடைசி எழுத்து ஒலிக்காது. கிரந்தமும் தவிர்த்து ‘சக்கார்’ எனலாம். தவிர, அட்டை ஜக்கார்டு கண்டதன்று. 1725இல் பூஷோன் துளையிட்ட தாளைப் பயன்படுத்தினார், அதன்பின் ஃபால்கோன் அட்டைகளைக் கோத்தார். ஜக்கார்டு செய்தது 1804இல். ஒருவர் பெயரை மட்டும் எப்படி வைப்பது?

---

‘சக்கார்’ என்று அச்சிட்டால் பிள்ளைகள் சர்க்கார் என்று படிப்பார்கள்.

---

சரி, நேரமாகிவிட்டது. கருவி ‘துளையட்டைப் பெட்டி’, அது ஏறிய தறி ‘துளையட்டைத் தறி’. முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ஜக்கார்டு என்றும் எழுதிவிட்டேன். அனுப்பியாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

---

அனுப்பிவிட்டீர்களா? இப்போதைய விசைத்தறிகள் பலவற்றில் அட்டையே கிடையாது, கணினிதான் கொக்கிகளை இயக்குகிறது. அதற்கு என்ன பெயர்?

---

அதனால்தான் பூந்தறி என்றேன்.