எல்லாவற்றுக்கும் பார்டர்-பாக்ஸா, இன்புட் கட்டங்களுக்கு மட்டுமா?

மாசிவீதி:
மதுரையில் ஒரு சுங்குடிச் சேலைக் கடைக்கு ஆர்டர் ஃபார்ம் செய்து கொடுத்தேன். கம்ப்யூட்டரில் சரியாக இருந்தது. கடைக்கார அம்மா போனில் திறந்தால் பெயர்க் கட்டம் வலது ஓரத்தைத் தாண்டிப் பிதுங்கி நிற்கிறது, விரல் பட்டால் பக்கமே ஆடுகிறது. திரையின் அகலம் 360 பிக்சல். இரு ஓரமும் 16 விட்டால் மிச்சம் 328. சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) கட்டத்துக்கு விட்த், அதாவது அகலம், 100% கொடுத்திருந்தேன். எழுதும் பகுதிக்கே 328 போய்விட்டது. அதற்கு மேல் இரு பக்கமும் பேடிங் (எழுத்துக்கும் ஓரக் கோட்டுக்கும் நடுவே விடும் இடம்) 12, பார்டர் (ஓரக் கோடு) 1. ஆக 354. நட்சத்திரக் குறி போட்டு பக்கத்தின் எல்லா எலிமெண்டுக்கும் (உறுப்புக்கும்) 'பாக்ஸ்-சைசிங்: பார்டர்-பாக்ஸ்' கொடுத்தேன், அதாவது பேடிங்கும் பார்டரும் சொன்ன அகலத்துக்குள்ளேயே சேரும். அடங்கிவிட்டது. எந்தத் தளத்திலும் இதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும் என்பேன்.

வைகைக்கரை:
நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் தம்பி. பழைய தளம் ஒன்றில் அப்படிப் போட்டு, வேறொருவர் எழுதிய காலண்டர் சிதைந்துபோனது. அவர் அகலம் 300, பேடிங் 20 என்று, பேடிங் அகலத்துக்கு வெளியே சேரும் பழைய கணக்கில் எழுதியிருந்தார். உள்ளே 260தான் மிஞ்சியது, சனிக்கிழமை அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. செலக்டும் (பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் கட்டம்) பட்டனும் பிரவுசரிலேயே பார்டர்-பாக்ஸ்தான். எழுதும் இன்புட்டும், பல வரி எழுதும் டெக்ஸ்ட்ஏரியாவும்தான் அப்படி இல்லை. அதனால்தான் ஒரே ஃபார்மில் பட்டன் ஒழுங்காக நிற்க, பெயர்க் கட்டம் மட்டும் பிதுங்குகிறது. நோய் உள்ள இடத்துக்கு மட்டும் மருந்து போடுங்கள்.

மாசிவீதி:
காலண்டருக்கும் வழி இருக்கிறது அண்ணே. பக்கம் முழுவதையும் உள்ளடக்கிய ஹெச்டிஎம்எல் எலிமெண்டுக்கு பார்டர்-பாக்ஸ், மற்ற எல்லாவற்றுக்கும் 'இன்ஹெரிட்', அதாவது தன்னைச் சுற்றியுள்ளதில் இருப்பதையே எடுத்துக்கொள். காலண்டரைச் சுற்றியுள்ள டிவ்வில் (மற்றவற்றை உள்ளே வைக்கும் பெட்டி) கன்டென்ட்-பாக்ஸ் என்று பழைய கணக்கைப் போட்டால் உள்ளே இருப்பவை அதையே எடுத்துக்கொள்ளும். பூட்ஸ்ட்ராப் என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பு 2013இல் மூன்றாம் பதிப்பிலேயே எல்லாவற்றையும் பார்டர்-பாக்ஸ் ஆக்கிவிட்டது. இன்புட்டுக்கு மட்டும் என்றால், நாளை அதைச் சுற்றி ஒரு டிவ் போட்டு 100% கொடுத்துப் பேடிங் வைக்கும்போது அதே பிதுங்கல் திரும்ப வரும்.

திருநகர்:
இருவர் சொல்வதும் சரி, ஆனால் ஃபிளெக்ஸை (கட்டங்களை ஒரே வரிசையில் அடுக்கும் முறை) மறந்துவிட்டீர்கள். பின்கோடு கட்டமும் 'தேடு' பட்டனும் ஒரே வரிசையில் இருந்தால், பார்டர்-பாக்ஸ் போட்டும் பட்டன் வெளியே தள்ளப்படலாம். 625001 என்று ஆறு இலக்கம்தான் எழுதப்போகிறோம். ஆனால் 'சைஸ்' சொல்லாவிட்டால் இன்புட்டுக்கு 20 எழுத்தளவு அகலம் தானாக வந்துவிடும். ஃபிளெக்ஸுக்குள் அந்த அளவுக்குக் கீழே அது சுருங்காது. 'மின்-விட்த்: 0' (குறைந்தபட்ச அகலம் 0) கொடுத்தால்தான் சுருங்கும். ஊர்ப் பட்டியலில் திருப்பரங்குன்றம் இருந்தால் செலக்டும் அந்த நீளத்துக்கு விரியும். அதற்கு 'மேக்ஸ்-விட்த்: 100%' (அதிகபட்ச அகலம்) போடுங்கள். ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: பக்கத்தின் பாடிக்கு 'ஓவர்ஃப்ளோ: ஹிடன்' (வெளியே பிதுங்குவதை வெட்டிவிடு) போட்டு மறைக்காதீர்கள். கட்டத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, எழுதுவது தெரியாமல் தவிப்பவர் கடைக்கு வருகிற வாடிக்கையாளர்தான்.

வைகைக்கரை:
இன்ஹெரிட் வழி நல்ல வழி. புதிதாகத் தொடங்கும் வேலைக்கு இனி அதைத்தான் எழுதுவேன். ஓடிக்கொண்டிருக்கும் பழைய தளத்தில் மட்டும், எல்லாப் பக்கத்தையும் போனில் திறந்து பார்க்காமல் நட்சத்திரத்தைத் தொடமாட்டேன், அதில் மாற்றமில்லை.

மாசிவீதி:
திருநகர் அண்ணன் சொன்னதைப் போட்டுப் பார்த்தேன். பின்கோடும் பட்டனும் 328க்குள் அடங்கிவிட்டன. அப்புறம் இன்புட்டின் எழுத்தை 14இலிருந்து 16 பிக்சலாக்கினேன். 16க்குக் குறைந்தால் ஐபோன் கட்டத்தைத் தொட்டதும் பக்கத்தைப் பெரிதாக்கிவிடுகிறது.