9 லிட்டர் கேபினட், குறைந்த பட்ஜெட்: இந்த கேமிங் பிசி லிஸ்ட் தேறுமா?

குட்டிப்பெட்டி:

வணக்கம் மக்களே. முதல் தடவையா சொந்தமா ஒரு பிசி அசெம்பிள் பண்ணப் போறேன். நண்பர் ஒருத்தர் தன்னோட பழைய மினி ஐடிஎக்ஸ் (ரொம்பச் சின்ன போர்டு சைஸ்) கேபினட்டைச் சும்மாவே கொடுத்துட்டார், ரைசர் கேபிளோட (போர்டையும் கார்டையும் இணைக்கிற நீட்டிப்பு கேபிள்). கிட்டத்தட்ட 9 லிட்டர். ஒரு பக்கம் மதர்போர்டு, நடுவுல தகடு, மறுபக்கம் கிராபிக்ஸ் கார்டு. ஸ்கேல் வெச்சு அளந்ததுல சிபியு கூலருக்கு 48 மிமீ உயரம்தான் இருக்கு. கார்டு 2 ஸ்லாட் தடிமன், நீளம் 240 மிமீ வரைக்கும் போகும். பவர் சப்ளை எஸ்எஃப்எக்ஸ்ங்கிற சின்ன சைஸ் மட்டும்.

நான் போட்டு வெச்சிருக்கிற லிஸ்ட்:

ப்ராசசர்: ரைசன் 5 5600ஜி, கூட வர்ற கூலரே போதும்னு நினைக்கிறேன்
மதர்போர்டு: ஏ520 மினி ஐடிஎக்ஸ்
கிராபிக்ஸ்: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபி
ரேம்: டிடிஆர்4 3200, 16 ஜிபி ஒரே ஸ்டிக்
எஸ்எஸ்டி: 1 டிபி என்விஎம்இ
பவர் சப்ளை: எஸ்எஃப்எக்ஸ் 450 வாட்

மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். ஆடுறது பெரும்பாலும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2, வாலரண்ட், நடுவுல எல்டன் ரிங். அப்பப்போ ஆட்டத்தை ரெக்கார்டு பண்ணி நண்பர்களுக்கு அனுப்பணும். வாங்குறதுக்கு முன்னாடி யாராவது ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க.

பழையசரக்கு:

கேபினட் சும்மா கிடைச்சுதுன்னு அதுக்குத் தகுந்த மாதிரி மத்ததெல்லாம் வாங்குறது எனக்குச் சரியாப் படல. ஐடிஎக்ஸ் போர்டுக்கும் எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளைக்கும் தனியா ஒரு தொகை அழணும். அதே தரத்துல, கொஞ்சம் பெரிய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டும் சாதா ஏடிஎக்ஸ் பவர் சப்ளையும் எடுத்தா மிச்சமாகிற காசுல கார்டு ஒரு படி மேல போயிடும். கேபினட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு 20 லிட்டர் சைஸ்ல ஒரு மைக்ரோ ஏடிஎக்ஸ் பெட்டி பாருங்க. ரேம் ஸ்லாட் நாலு இருக்கிற போர்டாவும் பார்த்து எடுக்கலாம்.

குட்டிப்பெட்டி:

புரியுது ப்ரோ. ஆனா வாரக்கடைசில இதைப் பையில போட்டுத் தூக்கிட்டுப் போகணும், மேசையிலயும் இடம் கிடையாது. பெட்டி இதுதான்னு முடிவு பண்ணிட்டேன்.

வோல்ட்டு வாத்தியார்:

பெட்டியை மாற்ற முடியாது என்றால் அதை ஒட்டியே பேசுவோம். உங்கள் லிஸ்டில் ஒவ்வொரு பொருளும் தனியாகப் பார்த்தால் குற்றமில்லை. ஒன்றாகப் பூட்டும்போதுதான் சிக்கல்.

முதலில் கார்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு பிசிஐஇ பாதை, அதாவது கார்டும் ப்ராசசரும் தரவு பரிமாறும் வழி, 4 லேன் (தடம்) மட்டுமே. 3.0, 4.0 என்பவை அந்தப் பாதையின் தலைமுறைகள். பிசிஐஇ 4.0 போர்டில் போட்டால் ஒரு திசையில் நொடிக்கு சுமார் 8 ஜிபி போகும், 3.0 என்றால் அது பாதியாகி 4 ஜிபிக்கு வந்துவிடும். ஏ520 போர்டு 3.0தான். போர்டை மட்டும் மாற்றினாலும் தப்ப முடியாது, ஏனென்றால் 5600ஜி ப்ராசசரும் 3.0தான். கார்டில் இருக்கும் மெமரி 4 ஜிபி. இன்றைய ஆட்டங்களில் டெக்ஸ்ச்சர் கொஞ்சம் கூடினாலே அது நிரம்பி, மிச்சம் ரேமுக்குப் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும், அதுவும் அந்தக் குறுகிய பாதை வழியாகவே. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) பார்த்தால் பரவாயில்லை போலத் தெரியும், ஆனால் ஆட்டம் நடுநடுவே சிக்கிச் சிக்கி நிற்கும். இன்னொன்று, ரெக்கார்டு செய்ய வேண்டும் என்றீர்கள். அந்தக் கார்டில் ஆட்டத்தைச் சுருக்கிப் பதியும் வீடியோ என்கோடரே கிடையாது. ஆகவே அதை மறந்துவிடுங்கள்.

பதிலுக்கு ஆர்எக்ஸ் 6600 பாருங்கள். 8 ஜிபி மெமரி, 8 லேன், 132 வாட், ஒரே ஒரு 8 பின் கனெக்டர், என்கோடரும் உண்டு. கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் ஆர்டிஎக்ஸ் 4060. அது 115 வாட்தான், வேகமும் கூடுதல். சின்னப் பெட்டிக்கு வாட் குறைவது பெரிய விஷயம்.

அடுத்து ப்ராசசர். தனி கார்டு போடப் போகிறீர்கள் என்றால் 5600ஜிக்குள் இருக்கும் கிராபிக்ஸால் என்ன பயன்? அதற்கு இடம் விட்டதில் ப்ராசசருக்குள் இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 16 எம்பிக்குக் குறைந்திருக்கிறது. சாதா ரைசன் 5 5600க்கு 32 எம்பி. அதே 6 கோர், அதே 65 வாட். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் மாதிரி ப்ராசசரை நம்பி ஓடும் ஆட்டங்களில் அந்தக் கேஷ் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 5500 என்று இன்னொன்று மலிவாகக் கண்ணில் படும். அதிலும் 16 எம்பி, பிசிஐஇ 3.0. பெயரில் ஒரு 100 தானே குறைவு என்று எடுத்துவிடாதீர்கள்.

கூலர் சின்ன விஷயம்தான், ஆனால் மூடி மூடாது. 5600 பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் 54 மிமீ உயரம். உங்களிடம் இருப்பது 48. தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90 எக்ஸ்47 என்பது 47 மிமீ, கச்சிதமாக உட்காரும். நாக்டுவா என்ஹெச் எல்9ஏ 37 மிமீ, இன்னும் குட்டை, ஆனால் விலைக்கு யோசிப்பீர்கள். முதலாவதே போதும்.

ரேம் ஒரே ஸ்டிக் வேண்டாம், 8 ஜிபி இரண்டாக எடுங்கள். ட்யூயல் சேனல் (இரண்டு ஸ்டிக்கையும் ஒரே சமயத்தில் படிக்கும் முறை) இல்லாமல் ரைசனை ஓட்டுவது வீண். ஐடிஎக்ஸ் போர்டில் இரண்டே ஸ்லாட் என்பதால் பின்னாளில் 32 வேண்டுமென்றால் இரண்டையும் கழற்றித்தான் ஆக வேண்டும். இப்போதே 16 ஜிபி ஸ்டிக் இரண்டு எடுக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் இந்த ஆட்டங்களுக்கு 16 போதும்.

குட்டிப்பெட்டி:

வாத்தியாரே, இவ்வளவு விளக்கமா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. 6500 எக்ஸ்டி அவுட். 5600, 6600 பக்கம் போறேன். அப்போ 4.0 இருக்கிற பி550 போர்டு கட்டாயமா? அதுக்கும் ஏ520க்கும் விலை நல்லா இடிக்குது.

வோல்ட்டு வாத்தியார்:

கட்டாயமில்லை. 8 லேன் கார்டு என்பதால் 3.0 போர்டில் போட்டாலும் பாதை 8 ஜிபி அகலம் இருக்கும், 6600க்கு இழப்பு சொற்பமே. காசு இடித்தால் ஏ520 போதும். பி550 எடுக்கலாம் என்பதற்குக் காரணம் வேறு. பெரும்பாலும் அதில் விஆர்எம் (ப்ராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) ஹீட்சிங்க் நன்றாக இருக்கும், பின்னாளில் 8 கோர் போட்டாலும் தாங்கும். எது வாங்கினாலும் பயாஸ் (போர்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) பதிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். 5600 வந்தது 2022 ஏப்ரலில். அதற்கு முன் தயாராகிக் கடையில் தூங்கிய போர்டு என்றால் புது பயாஸ் ஏற்றாமல் உயிர் வராமலும் போகலாம். ப்ராசசர் இல்லாமலே பென்டிரைவ் வழியாக ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிற போர்டு கிடைத்தால் தலைவலி மிச்சம்.

சத்தமில்லா ஃபேன்:

பவர் சப்ளை பத்தி யாரும் பேசலையே. 450 வாட் தாராளம். ஏஎம்4ல (5600 உட்காருற சாக்கெட்) 65 வாட் சிப்புகளோட உச்ச வரம்பு பொதுவா 88 வாட், கார்டு 132, மத்ததெல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 270. 650, 750ன்னு யாராவது ஏத்திவிட்டா காதுல வாங்காதீங்க. வாட்டை விட நல்ல மாடலான்னு பாருங்க.

மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டுற) பவர் சப்ளைன்னா ஒரு எச்சரிக்கை: அதோட வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்க. வேற பிராண்டு கேபிள் பவர் சப்ளை பக்கம் கச்சிதமா மாட்டும், ஆனா உள்ள வயர் வரிசை வேற. போர்டு, கார்டு, எஸ்எஸ்டி எது வேணா புகைஞ்சு போகும்.

கார்டு தடிமனையும் மிமீ கணக்குல பாருங்க. 2 ஸ்லாட்னா சுமார் 40 மிமீ. விளம்பரத்துல 2 ஸ்லாட்னு போட்டுட்டு 44, 45 இருக்கிற கார்டுகள் உண்டு. அது உள்ள போனாலும் ஃபேன் பக்கவாட்டுத் தகட்டை முத்தம் கொடுத்துக்கிட்டு இருக்கும், காத்து இழுக்க வழியே இருக்காது.

பழையசரக்கு:

12 ஜிபி மெமரி வேணும்னா இன்டெல் ஆர்க் பி580 இருக்கே, அதை ஏன் யாரும் சொல்லல?

வோல்ட்டு வாத்தியார்:

நல்ல கார்டு, இந்தப் பெட்டிக்கு அல்ல. 190 வாட் வெப்பத்தை 9 லிட்டருக்குள் வைத்து எங்கே தள்ளுவது? தவிர, அதன் டிரைவர் ப்ராசசரிடம் அதிகம் வேலை வாங்கும். 5600 மாதிரி நடுத்தர ப்ராசசரோடு சேர்த்தால் 1080பியில் அதன் முழுப் பலமும் வெளியே வராது. புது ப்ராசசர், பெரிய பெட்டி வைத்திருப்பவர் கேட்டால் நானே சொல்வேன்.

பழையசரக்கு:

சரி, அது நியாயம். அடுத்த சாக்கெட் ஏஎம்5 பத்தியாவது யோசிச்சீங்களா? ஏஎம்4 முடிஞ்சு போன கதை.

சத்தமில்லா ஃபேன்:

முடிஞ்ச கதைங்கிறதாலதானே பட்ஜெட்டுக்குள்ள வருது. ஏஎம்5 போனா டிடிஆர்5 கட்டாயம், ஐடிஎக்ஸ் போர்டு இன்னும் ஏறும். அவர் கார்டுக்கு வெச்சிருக்கிற காசு அங்கேயே கரைஞ்சிடும்.

குட்டிப்பெட்டி:

மக்களே, எல்லாம் வாங்கியாச்சு. 5600, பி550 ஐடிஎக்ஸ் (பயாஸ் புதுசுதான், கடையிலேயே பார்த்துட்டேன்), ஆர்எக்ஸ் 6600 ரெண்டு ஃபேன் மாடல், 39 மிமீ தடிமன், எக்ஸ்47 கூலர், 8 ஜிபி ரெண்டு. மூடியும் மூடுது.

ஆனா திரையில ஒண்ணும் வரல. ஃபேன் எல்லாம் சுத்துது, கார்டு ஃபேன் ஆரம்பத்துல ஒரு சுத்து சுத்திட்டு நிக்குது. மானிட்டர் சிக்னல் இல்லைன்னு சொல்லுது. போர்டுல விஜிஏன்னு ஒரு குட்டி லைட் அணையாம எரியுது. ரேமைக் கழற்றி மாட்டிட்டேன், கார்டு பவர் கேபிளும் இறுக்கமாத்தான் இருக்கு. கார்டு செத்த சரக்கா? திருப்பிக் கொடுக்கணுமா?

பழையசரக்கு:

மானிட்டர் கேபிளை எங்க சொருகியிருக்கீங்க? 5600ல உள் கிராபிக்ஸ் கிடையாது, போர்டுல இருக்கிற ஹெச்டிஎம்ஐ வேலை செய்யாது.

குட்டிப்பெட்டி:

கார்டுலதான் ப்ரோ. ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் ரெண்டும் போட்டுப் பார்த்தாச்சு.

வோல்ட்டு வாத்தியார்:

அவசரப்பட்டுத் திருப்ப வேண்டாம். ரைசர் கேபிள் கேபினட்டோடு வந்த பழையது என்றீர்களே, அது எந்தத் தலைமுறை? கேபிளின் மீது அல்லது கேபினட் விவரத்தில் 3.0 என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

போர்டு, ப்ராசசர், கார்டு மூன்றும் 4.0. அவை தங்களுக்குள் பேசி 4.0 வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும், நடுவில் இருக்கும் கேபிளின் தரம் அவற்றுக்குத் தெரியாது. 3.0க்காகச் செய்த கேபிளில் அந்த வேகத்தில் சிக்னல் சிதைந்துவிடும். சில சமயம் ஆட்டம் நடுவில் கருந்திரை, சில சமயம் உங்களுக்கு வந்தது போலத் தொடக்கத்திலேயே படம் வராது.

செய்ய வேண்டியது: மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். கார்டை ரைசர் இல்லாமல் நேரடியாக ஸ்லாட்டில் செருகி, அது சாயாமல் இருக்க ஏதாவது முட்டுக் கொடுங்கள். படம் வந்தால் பயாஸில் பிசிஐஇ ஸ்லாட் வேகம் ஆட்டோ என்றிருப்பதை ஜென் 3 (அதாவது 3.0) என்று மாற்றிச் சேமியுங்கள். பிறகு பழையபடி ரைசரோடு பூட்டுங்கள். நேரடியாகச் செருகியும் படம் வராவிட்டால் அப்போது கார்டைச் சந்தேகப்படலாம்.

குட்டிப்பெட்டி:

வந்துடுச்சு! கேபிள்ல சின்ன எழுத்துல 3.0ன்னுதான் இருந்தது. நேரா சொருகினதும் படம் வந்தது, ஜென் 3 மாத்தி ரைசரோட போட்டேன், இப்பவும் வருது. வாத்தியாருக்கு ஒரு பெரிய கும்பிடு. இப்படி 3.0ல ஓட்டினா எஃப்பிஎஸ் அடி வாங்குமா? புது 4.0 ரைசர் வாங்கணுமா?

வோல்ட்டு வாத்தியார்:

வாங்க வேண்டாம். 8 லேன் கணக்கு மேலே சொன்னதுதான். ஓரிரு சதவீதம் போகலாம், ஆடும்போது தெரியாது. 6500 எக்ஸ்டி வாங்கி இதே ரைசரில் மாட்டியிருந்தால் கதை வேறு.

ஒன்றை மட்டும் எங்காவது எழுதி வையுங்கள். பயாஸ் அப்டேட் செய்தாலோ சிமாஸ் க்ளியர் (பயாஸ் அமைப்புகளை அழிப்பது) செய்தாலோ அந்த அமைப்பு மறுபடி ஆட்டோவுக்குப் போய்விடும், திரை மறுபடி இருட்டாகும். அன்றைக்கும் போர்டை வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

சத்தமில்லா ஃபேன்:

சூடு எவ்வளவு வருது? எக்ஸ்47ல 5600 ஓடும், ஆனா ஃபேன் கர்வ் (எந்தச் சூட்டுக்கு எவ்வளவு ஃபேன் வேகம்ங்கிற அமைப்பு) பார்த்து வைக்கலைன்னா வினாடிக்கு வினாடி ஏறி இறங்கி எரிச்சலைக் கிளப்பும்.

குட்டிப்பெட்டி:

அரை மணி நேரம் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடினதுல ப்ராசசர் 78, கார்டு 70. சத்தம் கொஞ்சம் இருக்கு. ஆனா ஆட்டம் ஏதோ 60லயே நிக்கிற மாதிரி தோணுது, எஃப்பிஎஸ் எண் 150க்கு மேல காட்டினாலும்.

சத்தமில்லா ஃபேன்:

சூடு ஓகே. பயாஸ்ல 45 வாட் ஈக்கோ மோடு போட்டுப் பாருங்க, சத்தம் நல்லா குறையும், இந்த ஆட்டங்கள்ல இழப்பு ரொம்பக் கம்மி. அப்படியே எக்ஸ்எம்பி (ரேமை அதோட அறிவிச்ச வேகத்துல ஓட்டுற அமைப்பு) ஆன் ஆகியிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா 3200 ரேம் 2400லயோ 2666லயோதான் ஓடிட்டிருக்கும்.

60 மாதிரி தெரியுறதுக்கு விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல ரிஃப்ரெஷ் ரேட் பாருங்க. புது கார்டு மாட்டினதும் பல தடவை 60லயே இருக்கும், கையால 144க்கு மாத்தணும். எல்டன் ரிங் மட்டும் 60லதான் நிக்கும், அது அந்த ஆட்டத்தோட பூட்டு, உங்க பிசி மேல தப்பு இல்ல.

குட்டிப்பெட்டி:

ரிஃப்ரெஷ் ரேட் 60லதான் இருந்தது, மாத்திட்டேன். எக்ஸ்எம்பியும் ஆஃப்லதான் இருந்தது. ஈக்கோ மோடு இன்னிக்கு ராத்திரி போட்டுப் பார்த்துட்டு எழுதுறேன்.